லோறன்ஸ் வீட்டில் கேட்ட மாப்பு

அத்தியாயம் பதினொன்று

நீதவான் மர்ஸூக்கைச் சுற்றவாளி என்று சொல்லி விடுவித்த அன்று அவர் மனைவி ரபியா வட்டிலப்பம் அவித்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாள். கொடுத்தனுப்பிய பாத்திரங்கள் திரும்பி வந்து சேர்வதற்குள் அவர் வேலைசெய்யும் மீன்பிடித் திணைக்களத்திலிருந்து அறிவித்தல் வந்துவிட்டது. வழக்கு முடிந்தது, இனி ஒழுக்காற்று விசாரணை தொடங்கும்.

அது அவளுக்கு விளங்கவே இல்லை. நீதிமன்றமே விட்ட மனிதனைத் திரும்பவும் விசாரிக்க இந்தக் கந்தோர்க்காரர்கள் யார்?

மர்ஸூக் களஞ்சியப் பொறுப்பாளர். தடைசெய்த முறையில் மீன் பிடித்து அகப்படுகிறவர்களின் வலைகளும் எஞ்சின்களும் அவருடைய பூட்டுக்குள்தான் கிடக்கும். கற்பிட்டிப் பக்கத்து லோறன்ஸின் படகு எஞ்சினும் அப்படித்தான் உள்ளே போனது. மர்ஸூக் உம்ராவுக்கு மக்கா போய்த் திரும்பிய பிறகு களஞ்சியத்தைத் திறந்து பார்த்தார்கள். எஞ்சின் இல்லை. பூட்டு உடைந்திருக்கவில்லை. சாவி மர்ஸூக்கிடம்.

பிறகு நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். வேலை இடைநிறுத்தம், அரைச் சம்பளம், பொலிஸ், வழக்கு. எஞ்சினை எடுத்ததைக் கண்ட சாட்சி ஒருவரும் இல்லை. அதனால்தான் விடுதலை.

விசாரணை நாளன்று காலையில் ரபியாவின் தம்பி முனாஸ் தன் ஓட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். வழக்குத் தவணைகளில் ஒன்றைக்கூட அவன் தவறவிட்டதில்லை. ஒவ்வொரு முறையும் அவனே வந்து ஏற்றிப்போவான். கூலி கொடுத்தால் வாங்கமாட்டான். இப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்க்கும் என்று ரபியா பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

"கோட்டுக்குப் போகக்குள்ள வெள்ள சேர்ட். கந்தோருக்குப் போகக்குள்ள கட்டம் போட்ட சேர்ட். என்ன மச்சான், பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றான் முனாஸ்.

மர்ஸூக் சிரிக்கவில்லை. ஏறி உட்கார்ந்தார். தில்லையடியிலிருந்து புத்தளம் நகரத்துக்குள் போகும்வரை முனாஸ்தான் பேசிக்கொண்டே வந்தான். மழை பெய்தால் உப்பு கெட்டுப்போகும், பெய்யாவிட்டால் கிணறு வற்றிப்போகும், அல்லாஹ் யாருடைய துஆவைத்தான் கேட்பான் என்றான். அவன் மனைவி ஸஹ்னாவுக்கு இது எட்டாம் மாதம். புளி, புளி என்று உயிரை வாங்குகிறாள் என்றான்.

கந்தோர் வாசலில் மார்க்கண்டு குடையோடு நின்றார். ஓய்வுபெற்ற பிரதம லிகிதர். யுத்தத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுப் புத்தளம் வந்தவர். யுத்தம் முடிந்தும் திரும்பிப் போகவில்லை. மர்ஸூக்குக்காக விசாரணையில் பேச ஒப்புக்கொண்டிருந்தார். ரபியா மனதில் இருந்ததை அவரிடமே கேட்டாள். கோர்ட்டில் முடிந்ததை இங்கே எப்படித் திரும்பத் தொடங்கலாம்?

"பிள்ளை, ரெண்டும் வேற வேற கேள்வி" என்றார் மார்க்கண்டு. "களவெடுத்தவர் இவர்தானோ, கொஞ்சமும் ஐமிச்சம் சந்தேகம் இல்லையோ எண்டு கோடு கேட்டது. கந்தோர் கேக்கிறது அதில்லை. இவரை நம்பித் திரும்பவும் சாவியைக் குடுக்கலாமோ எண்டு கேக்குது. அங்க ஐமிச்சம் வந்தால் விடுதலை. இஞ்ச ஐமிச்சம் வந்தால் வீடு."

"வீடெண்டா?"

"வேலையும் போச்சு, பென்சனும் போச்சு. வீட்டில இருக்க வேண்டியதுதான்."

மர்ஸூக் அதைக் கேட்டும் கேளாதவர்போல மேல்மாடிப் படியில் ஏறினார். பின்கழுத்தில் வியர்வை சேர்ட்டை நனைத்திருந்தது. மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு உடுத்த உடுப்போடு வந்து, அகதி முகாமில் படித்து எடுத்த வேலை. அது போனால் அந்த வயதில் வேறு என்ன செய்வார் என்று ரபியாவுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

சாட்சிகள் வெளியே இருக்க வேண்டும் என்றார்கள். விறாந்தையில் ஒரே ஒரு வாங்கு. அதில் ஏற்கெனவே ஒரு பெண் இருந்தாள். லோறன்ஸின் மனைவி டொறத்தி. லோறன்ஸ் உள்ளே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்.

ரபியா வாங்கின் மறுநுனியில் உட்கார்ந்தாள்.

"உங்கட மனுசர் நல்ல மனுசர்" என்றாள் டொறத்தி. "களவெடுத்துப்போட்டு வீடு தேடி வந்து மன்னிப்புக் கேக்கிறவை எத்தினை பேர் இருக்கினம்?"

"களவெடுத்துட்டுக் கேட்டார்டு யார் சென்ன?"

"பிறகு என்னத்துக்குக் கேட்டவர்? நாங்கள் பாதரிட்டக் கும்பசாரத்துக்குப் போறதெண்டால் ஏதாவது செய்துபோட்டுத்தான் போறது."

"இது கும்பசாரமில்ல."

"அப்ப என்ன, கலியாண அழைப்பே?"

ரபியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவளுக்கு எப்படி விளங்கவைப்பது? மக்காவுக்குப் புறப்படுகிறவன் தெரிந்தவர் அறிந்தவர் வீடெல்லாம் ஏறி இறங்கி மாப்புக் கேட்பான். அறிந்தும் அறியாமலும் செய்த பிழையை மாப்பு செய்யுங்கள் என்பான். ஒரு பிழையும் செய்யாதவனும் கேட்பான். கேட்கப்பட்டவனும் கண் கலங்கி, நீங்களும் எனக்கு மாப்புத் தாருங்கள் என்பான். அது வழக்கம். மர்ஸூக் போன போது தில்லையடியில் ஒரு வீடு விடவில்லை. லோறன்ஸ் வீட்டுக்கும் போனார். ரபியாவும் கூடப் போனாள்.

லோறன்ஸ் வெளியே வந்தார். ரபியாவைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். டொறத்தி எழுந்து அவர் பின்னால் போனாள்.

மார்க்கண்டு ஒரு நிமிடம் வெளியே வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். லோறன்ஸ் கெடுத்துவிட்டார், மர்ஸூக் தன் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார் என்று ஒரே பிடி. அதை ஏன் கோர்ட்டில் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அங்கே தன்னிடம் எஞ்சின் நம்பரைத்தான் கேட்டார்கள் என்கிறார். விசாரணை செய்கிற அம்மா வன்னிப் பக்கத்து ஆள். முஸ்லிம்களின் வழக்கம் அவருக்குத் தெரியாது.

"நீங்கள் வழக்கத்தை மட்டும் சொல்லுங்கோ. கேட்டதுக்கு மட்டும் மறுமொழி. கூட ஒண்டும் வேண்டாம்."

ரபியா ஓம் என்று தலையாட்டினாள். இது பெரிய விஷயமே இல்லை என்று நினைத்தாள்.

உள்ளே சத்தியம் செய்யச் சொல்லவில்லை. கோர்ட்டில் குர்ஆனைக் கையில் கொடுத்துக் கேட்டார்கள். இங்கே ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் காட்டினார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை செய்கிற சந்திரவதனா இருந்தார். நரைத்த தலை, ஒட்ட வாரிய கொண்டை, அதட்டாத குரல். மர்ஸூக் ஓரத்துக் கதிரையில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரபியா வழக்கத்தைச் சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். சந்திரவதனா இடையில் பேசாமல் கேட்டார். நடுவில் ஒரு முறை, சண்டைக்காரன் வீட்டுக்கும் போவீர்களா என்று கேட்டார். சண்டைக்காரன் வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும் என்றாள் ரபியா. அவர் முகத்தில் ஒரு சிறு சிரிப்பு வந்தது. மார்க்கண்டு திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப இது எல்லாரும் ஒப்புக்குச் சொல்லுற ஒரு பேச்சு" என்றார் சந்திரவதனா. "இதுக்குள்ள ஒண்டும் இல்லை. அப்படித்தானே?"

ஓம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் 'ஒப்புக்கு' என்ற சொல் ரபியாவைச் சுட்டது. தன் புருசன் ஒப்புக்கு மாப்புக் கேட்கிற ஆள் இல்லை. அதை இந்த அம்மா தெரிந்துகொள்ள வேண்டும்.

"ஒப்புக்கில்ல மிஸ்" என்றாள். "மத்தவங்க எல்லாம் பொதுவாக் கேப்பாங்க. இவரு அப்படியில்ல. என்ன காரியம்டு பேர் சென்னாத்தான் மாப்பு கூடும்டு சொல்லுவாரு. லோறன்ஸ் ஐயாட கையைப் பிடிச்சிட்டு, உங்கட எஞ்சின் இனி உங்களுக்குக் கிடைக்காது, அதுக்காக என்ன மாப்பு செய்ங்கண்டு தெளிவாச் சென்னாரு. அப்படி மனுசன்."

மார்க்கண்டு கண்களை மூடினார்.

சந்திரவதனா எழுதுவதை நிறுத்தினார். "எஞ்சின் இனிக் கிடைக்காது எண்டு சொன்னவரா?"

"ஓம்."

"லோறன்ஸ் அதைச் சொல்லேல்லையே."

"அவருக்கு நம்மட பேச்சு சரியா விளங்கியிராது. நான் பக்கத்துல நின்ட."

"இது மக்காவுக்குப் போக முதலா, வந்த பிறகா?"

"போக முந்தி."

"களஞ்சியத்தைத் திறந்து எஞ்சின் இல்லை எண்டு கண்டது எப்ப?"

"அவரு வந்த…"

ரபியா அந்த வசனத்தை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. எஞ்சின் காணாமல் போனது யாருக்கும் தெரியாத நாளில் மர்ஸூக்குக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் அவள் இதை இப்படி ஒரு நேர்கோட்டில் வைத்துப் பார்த்ததில்லை. பறித்த எஞ்சினைத் திணைக்களம் திருப்பிக் கொடுக்காது என்பதற்காகத்தான் மாப்புக் கேட்டார் என்றே நினைத்திருந்தாள்.

அவள் மர்ஸூக்கைப் பார்த்தாள். அவர் இன்னும் தன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அண்டைக்கு வேற ஆரும் கூட வந்தவையா?" என்றார் சந்திரவதனா.

"தம்பி வந்தாரு. முனாஸ். அவர்ட ஓட்டோலதான் போன. உள்ளுக்கு வரல்ல, வாசல்ல நின்டாரு."

"அவர் இப்ப எங்க?"

"கீழதான் நிக்காரு."

"அப்ப அவரையும் ஒருக்கா விசாரிப்பம்."

கதிரை பின்னால் நகரும் சத்தம் கேட்டது. மர்ஸூக் எழுந்து நின்றார்.

"அவரைக் கூப்பிட வேணாம் மிஸ். நான் ஒத்துக்கொள்ளுறன். நான்தான் எடுத்தது."

வழக்கு நடந்த காலம் முழுவதும் 'நான் எடுக்கவில்லை' என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லாத வாய் அது. மார்க்கண்டு அவருடைய கையைப் பிடித்து இழுத்தார். மர்ஸூக் உட்காரவில்லை.

சந்திரவதனா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார், இதை இப்போது எழுதினால் தான் நினைத்தாலும் அழிக்க முடியாது. சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வந்தும் இதையே சொன்னால் எழுதுகிறேன்.

விறாந்தையில் ரபியா அவரை மறித்தாள். நீங்களா எடுத்தீர்கள் என்று கேட்டாள்.

"கேக்காத ரபியா" என்றார் மர்ஸூக். "கேட்டா நீயும் பொய் சொல்ல வேண்டி வரும்." லுஹர் தொழுதுவிட்டு வருவதாகச் சொல்லி, சட்டைப்பைக்குள் இருந்த தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மார்க்கண்டுவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பக் கழற்றினார்.

"உங்கட மனுசர் விசரர் இல்லை, பிள்ளை. கணக்குப் பாத்துத்தான் சொல்லுறார். கோடு விட்ட ஆளை அதே குற்றத்துக்குத் திரும்பப் பிடிக்க ஏலாது. அதாலை இவர் இஞ்ச ஒத்துக்கொண்டால் வேலைதான் போகும், சிறையில மறியல் இருக்க மாட்டார். ஆனால் எடுத்தது வேற ஒராள் எண்டால், அந்த ஆளைக் கோடு இன்னும் தொடவே இல்லை. அந்த ஆளுக்கு மறியல்தான்."

"வேற எந்த ஆளு?"

"அதை என்னட்டக் கேக்கிறியளோ?" என்றார் மார்க்கண்டு. "எந்தப் பேரைக் கேட்டவுடன அவர் எழும்பினவர்?"

ரபியா கீழே போனாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினாள்.

முனாஸ் முற்றத்து வாகை மரத்தடியில் ஓட்டோவுக்குள் காலை நீட்டி உட்கார்ந்து ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தான். அவளுக்கும் ஒன்று வாங்கி வைத்திருந்தான், எடுத்து நீட்டினான். மச்சான் ஏன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறார் என்று கேட்டான்.

"உன்னையும் விசாரிக்கணும்டு சொல்றாங்க" என்றாள் ரபியா.

"என்னையா? எதுக்கு?"

"லோறன்ஸ் வீட்டுக்கு நாம போன நாளப் பத்தி."

அவன் வாய் அசைவதை நிறுத்தியது. வாயில் இருந்ததை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

"மச்சான் சென்னாரா?"

அவள் இன்னும் எதையும் கேட்டிருக்கவில்லை. அவன் பதில் சொல்லிவிட்டான்.

மற்றதெல்லாம் அவனாகவே சொன்னான், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. கூட்டாளி ஒருவனுடைய எஞ்சின் பழுதாகிவிட்டது. நல்ல மீன்படும் காலம். ஒரு நாளைக்கு இரவலாக எடுத்துவிட்டுக் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று நினைத்தான். மச்சானுடைய சேர்ட் பையில் சாவி இருந்தது. படகு வெளிக்கடலில் கவிழ்ந்தது. ஆட்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள், எஞ்சின் சேரவில்லை. மச்சான் மக்காவுக்குப் போக இருந்த நேரம் அவரிடம் போய் அழுதான். அவர் ஒரு அறை அறைந்தார். பிறகு, லோறன்ஸ் வீட்டுக்குப் போக ஓட்டோவை எடு என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"களவெடுக்கணும்டு எடுக்கல்ல லாத்தா. இரவல்தான்."

"அவரு மேல ஒத்துக்கொள்ளப் போறாரு. தான்தான் எடுத்தண்டு."

முனாஸ் மூச்சை விட்டான். அது நிம்மதி மூச்சு என்பது ரபியாவுக்குத் தெரிந்தது. அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்.

"நான் மேல வந்தா மறியல். ஸஹ்னாட நெலமையப் பாருங்க. புள்ள பொறக்கக்குள்ள வாப்பா மறியல்ல எண்டா நல்லாவா இரிக்கும்? மச்சானுக்கு மறியல் இல்லத்தானே. வேலதானே போகும்."

அவன் அழுதிருந்தால் அவள் இளகியிருப்பாள். காலில் விழுந்திருந்தால் ஒருவேளை வீட்டுக்குப் போகச் சொல்லியிருப்பாள். 'வேலதானே' என்றான். அந்த வேலையில் வந்த சோற்றைத்தான் உம்மா மௌத்தான பிறகு அவனும் தின்றான். இந்த ஓட்டோ வாங்கிய கடனுக்குக் கையெழுத்து வைத்தவரும் அந்த வேலைக்காரர்தான்.

அவள் குனிந்து ஓட்டோவின் சாவியைத் திருகி எடுத்தாள்.

"லாத்தா, என்ன செய்றீங்க?"

"இது வேணும்டா மேல வந்து வாங்கு."

திரும்பிப் பார்க்காமல் படியேறினாள்.

மர்ஸூக் தொழுதுவிட்டு வந்திருந்தார். தொப்பியைக் கழற்ற மறந்திருந்தார். விறாந்தையில் இருந்தபடியே கதவுக்குள்ளால் பார்த்தாள். சந்திரவதனா பேனாவை எடுத்து, இப்போது சொல்லுங்கள் என்றார். மார்க்கண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரபியா உள்ளே போனாள். சாட்சி சொல்லி முடித்தவர் திரும்ப வரக்கூடாது என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நிற்கவில்லை.

"அவரு சொல்றத எழுத முந்தி ஒராள் வாரார் மிஸ். கொஞ்சம் பொறுங்க."

"ஆர்?"

அவள் சாவியை மேசையில் வைத்தாள்.

மர்ஸூக்குக்கு அது யாருடைய சாவி என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. பொலிஸில் எழும்பாத குரல், கோர்ட்டில் எழும்பாத குரல், அந்த அறைக்குள் எழும்பியது.

"நான் அவனுக்கு மாப்புக் குடுத்திட்டன் ரபியா. அது முடிஞ்ச காரியம்."

"நீங்க குடுத்தீங்க" என்றாள் அவள். "நான் இன்னும் குடுக்கல்ல."

சந்திரவதனா சாவியைத் தொடவில்லை, பேனாவையும் மூடவில்லை. கதவைச் சாத்தப்போன ஆளை நிறுத்தி, அது திறந்தே இருக்கட்டும் என்றார்.